ஸ்தேவான், ஸ்டீபன், முடியப்பர்: இப்பெயரின் பொருளும் ஆன்மிக உட்பொருளும்

பெரம்பூர் வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குக் கடந்த டிசம்பர் 26 அன்று ஆண் குழந்தை பிறந்துள்ளது. அடுத்த மாதம் ஞானஸ்நானம் வைத்திருக்கிறோம். பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை. என் கணவரின் தாத்தா பெயர் முடியப்பன். குழந்தை புனித ஸ்தேவான் திருநாளில் பிறந்திருப்பதால் பெயர் தானாகவே அமைந்துவிட்டது, வேறு பெயரைத் தேட வேண்டியதில்லை என்பது மாமனாரின் கருத்து. முடியப்பன் என்றே வைத்தால் பள்ளியில் பிள்ளைகள் தலைமுடியையும் 'முடியாது' என்பதையும் சேர்த்துக் கேலி செய்வார்கள் என்று அஞ்சும் என் கணவர், ஸ்டீபன் என்று வைக்கலாம் என்கிறார். இரண்டும் ஒரே பெயர்தான் என்றும் சொல்கிறார்கள். அது எப்படி என்று கேட்டால் வீட்டில் எவருக்கும் விளக்கத் தெரியவில்லை.

தடை என் அம்மாவிடமிருந்து வருகிறது. கல்லெறிந்து கொல்லப்பட்ட ஒருவரின் பெயரைப் பச்சைக் குழந்தைக்கு வைப்பது நல்லதா என்று அவர் கேட்கிறார். நாங்கள் பட்டினப்பாக்கத்துக்காரர்கள், 2004ஆம் ஆண்டு அதே டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் தெருவரை வந்தது. அந்த நாளுக்கும் இந்தப் பெயருக்கும் முடிச்சுப் போட்டு அவர் கலங்குகிறார். அதைப் பேச்சுக்காகச் சொல்வதாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குழந்தைப் பெயர் தளங்களில் தேடினால் 'கிரீடம்' என்ற ஒற்றைச் சொல்லும், அதற்குக் கீழே அதிர்ஷ்ட எண்ணும் அதிர்ஷ்ட நிறமுமே கிடைக்கின்றன. இந்தக் கிரீடம் எத்தகையது, அரசனுடையதா வேறு எதையேனும் குறிப்பதா, முடியப்பர் என்ற பெயர் அதற்குச் சரியான தமிழ்தானா, வேதசாட்சியின் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவரின்) பெயரைக் குழந்தைக்கு வைப்பதைத் திருச்சபை எப்படிப் பார்க்கிறது என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறைக்கல்வி ஆசிரியர், சாந்தோம்

அன்புச் சகோதரிக்கு வாழ்த்துகள். அதிர்ஷ்ட எண்ணையும் நிறத்தையும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றுக்கும் இப்பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கிரேக்கத்தில் இது ஸ்டெஃபனோஸ். சூழ்ந்திருத்தல், சுற்றிக் கட்டுதல் என்று பொருள்படும் ஸ்டெஃபோ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். இலையையும் தழையையும் வளைத்துக் கட்டித் தலையில் சூட்டும் வளையமே அதன் முதற்பொருள். அரசர்கள் நெற்றியில் கட்டிய அதிகாரப் பட்டைக்கு டியதேமா என்ற வேறு சொல் இருந்தது. எனவே உங்கள் கேள்விக்கு நேரான விடை இது: இந்தக் கிரீடம் முதன்மையாகப் பந்தயத்தில் வென்றவனுக்குச் சூட்டப்பட்டது, பிறப்பால் வந்த அரசுரிமையைக் காட்டுவது அதன் முதல் வேலை அன்று. ஒலிம்பியாவில் அது காட்டு ஒலிவக் கிளையாகவும், டெல்ஃபியில் லாரல் இலையாகவும், நெமியாவில் செலரித் தழையாகவும், கொரிந்து நகருக்கு அருகில் இஸ்த்மியாவில் பெரும்பாலும் பைன் தழையாகவும் இருந்தது. சில நாள்களில் வாடிவிடும் தழைக்காகவா ஒருவன் இத்தனை மாதம் உடலை ஒறுத்துப் பயிற்சி எடுக்கிறான் என்ற கேள்வியைத்தான், அந்த விளையாட்டுகளை நன்கு அறிந்த கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல் எழுப்புகிறார். அவர்கள் அழிவுள்ள கிரீடத்துக்காக ஓடுகிறார்கள், நாம் அழிவில்லாத கிரீடத்துக்காக ஓடுகிறோம் என்று அவர் எழுதும் இடத்தில் உள்ள சொல் ஸ்டெஃபனோஸ்தான். சாவுவரை உண்மையாய் இருப்பவனுக்கு வாக்களிக்கப்படும் ஜீவகிரீடமும் (வெளிப்படுத்தல் 2:10) அதே சொல். ஆண்டவரின் தலையில் அழுத்தப்பட்ட முள்முடிக்கும் நற்செய்தியாளர்கள் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். இப்பெயரைப் பற்றித் தியானிக்க விரும்புகிறவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். வெற்றியின் வளையமும் வேதனையின் வளையமும் விவிலியத்தில் ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இனி, ஸ்தேவான் என்ற மனிதரைப் பார்ப்போம். பலரும் அவரைக் கல்லெறியோடு மட்டுமே நினைவுகூர்கிறார்கள். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் அவர் நமக்கு அறிமுகமாகும் இடம் பந்தி. எருசலேமில் அன்றாட உணவுப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பட்டியலின் முதல் பெயர் ஸ்தேவான். எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். குறை சொன்னவர்களின் மொழிக்காரர்களிடமே பொறுப்பு கொடுக்கப்பட்டது போலத் தெரிகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்தப் பணியைப் பந்திவிசாரணை என்கிறது. யாருக்கு இலை போடவில்லை, யார் எழுந்து போய்விட்டார் என்று வரிசை நெடுகப் பார்த்துக்கொண்டே நடக்கும் ஒருவரை நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறோம் அல்லவா, அந்த வேலைதான் அது. கிரீடம் என்று பெயர் கொண்டவர் கையில் முதலில் கொடுக்கப்பட்டது பரிமாறும் பொறுப்பு. அதனால்தான் திருத்தொண்டர்களுக்கு (குருவுக்கு அடுத்த நிலையில் பணிசெய்யும் டீக்கன்களுக்கு) அவர் பாதுகாவலர்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஸ்தேவானுக்கு அந்தப் பெயர் மரணத்துக்குப் பின் கிடைத்த பட்டம் அன்று. பெற்றோர் குழந்தைப் பருவத்தில் வைத்த பெயர். கிரேக்கம் வழங்கிய நாடுகளில் கிறிஸ்துவுக்கு முன்பே பலரும் வைத்துக்கொண்ட சாதாரணப் பெயர். ஆகவே பெயரின் பொருளில் சாவு இல்லை. வெற்றி பெற்று வா என்ற வாழ்த்துதான் இருக்கிறது. பின்னர் அவர் வேதசாட்சிகளில் முதல்வரானபோது திருச்சபை அந்தப் பழைய பெயரைப் புதிய கண்ணோடு வாசித்தது, அவ்வளவே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

சாந்தோம் ஆசிரியர் கிரேக்கப் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். முடியப்பர் என்ற தமிழைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். நான் கிறிஸ்தவன் அல்லன். இருந்தாலும் நம் கத்தோலிக்கரின் பழைய தமிழ்ப் பெயர்களின்மீது எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு, அவை வழக்கொழிந்து வருவதில் வருத்தமும் உண்டு.

அயற்பெயரை ஒலிபெயர்க்காமல் பொருள்பெயர்க்கும் வழக்கம் இங்கே ஆழமாக வேரூன்றியிருந்தது. இலத்தீனில் சிறியவர் என்று பொருள்படும் பவுலின் பெயர் சின்னப்பர் ஆயிற்று. இறைவனின் அருளைக் குறிக்கும் யோவான் அருளப்பர் ஆனார். இறைவன் பெருகச் செய்வான் என்ற பொருளுடைய யோசேப்பு, வீரமாமுனிவரின் தேம்பாவணியில் வளன் ஆனார். அதே வழியில்தான் ஸ்டெஃபனோஸ் முடியப்பர் ஆனார். ஆக, உங்கள் மாமனாரும் கணவரும் இரு வேறு பெயர்களுக்காகப் போராடவில்லை. ஒருவர் பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், மற்றவர் ஒலியை.

ஆனால் முடி என்ற சொல் மூலத்துக்கு முற்றிலும் பொருந்துகிறதா என்று கேட்டால், எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. தமிழ் மரபில் முடி என்றவுடன் முடியுடை மூவேந்தர்தாம் நினைவுக்கு வருவர். அது குடிவழி வரும் உரிமையின் அடையாளம். பந்தயத்திலோ போரிலோ வென்றவன் தலையில் ஏறிய பூவுக்கும் தழைக்கும் சங்கத் தமிழில் தனிச் சொல் உண்டு: கண்ணி. மார்பில் அணிவது தார், தலையில் சூடுவது கண்ணி. சேரன் பனம்பூவையும் சோழன் ஆத்தியையும் பாண்டியன் வேம்பையும் சூடியது அடையாளத்துக்கு. சோழர் இருவர் தமக்குள் பகைத்து நின்றபோது, உன் கண்ணியும் ஆத்தி, உன்னோடு பொருபவன் கண்ணியும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று கோவூர்கிழார் இடித்துரைத்த புறநானூற்றுப் பாட்டு (45) நம்மில் பலரும் பள்ளியில் படித்ததுதான். போர் முடிந்து வென்றவன் சூடியது வாகை. ஆசிரியர் விளக்கிய ஒலிவக் கிளையும் பைன் தழையும் எனக்கு நேராக இந்த வாகைக் கண்ணியைத்தான் காட்டுகின்றன. அந்த வகையில் வாகையப்பர் என்று பெயர்த்திருந்தால் இன்னும் நெருங்கியிருக்கும்.

ஆயினும் முடியைக் கைவிடவும் மனம் வரவில்லை. பூச்சூடுவதை நாம் பூ முடித்தல் என்கிறோம். நிச்சயதார்த்தத்தில் பெண்ணுக்குப் பூ வைப்பதைப் பூமுடிப்பு என்று சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. இங்கே முடித்தல் என்பது கட்டுதலும் சூடுதலும். பொன்னால் செய்த அரசமுடிக்கு முன்பே, பூவைக் கட்டித் தலையில் வைக்கும் செயலுக்கு இச்சொல் உரியதாக இருக்கிறது. பெயரைத் தமிழாக்கிய முன்னோர் இதை எண்ணித்தான் செய்தார்கள் என்று நான் வாதிடவில்லை. சொல் அதற்கு இடம் தருகிறது என்கிறேன்.

கேலியைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்படுவது நியாயமே. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில் எந்தப் பெயரும் தப்புவதில்லை. கேலி செய்யும் வயதும் நீடிப்பதில்லை. இருந்தாலும் பிள்ளையின் இடத்தில் நின்று பார்க்க வேண்டியவர்கள் பெற்றோர்தாம். அயலாராகிய நாங்கள் முடிவு சொல்வது முறையாகாது.

வேப்பேரி வாசகர்

ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. ஸ்டெஃபனோஸ் வென்றவனுக்கு, டியதேமா அரசனுக்கு என்ற பிரிவு பொதுவாகச் சரி. ஆனால் அதைக் கறாரான விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்தில் அரசனின் கிரீடத்துக்கும் ஸ்டெஃபனோஸ் என்ற சொல் வருகிறது. குறிப்பாக 21ஆம் சங்கீதம், மூன்றாம் வசனம். எபிரேய மூலத்தில் அரசன் தலையில் வைக்கப்படுவது பொற்கிரீடம். நம் தமிழ் வேதாகமமும் அப்படியே சொல்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்போ விலையேறப்பெற்ற கல்லாலான ஸ்டெஃபனோஸ் என்கிறது. கல்லால் ஆன கிரீடம்! அந்தச் சங்கீதத்தைக் கிரேக்கத்தில் வாசித்துப் பழகிய ஒருவர் ஸ்தேவானின் முடிவைக் கேட்கும்போது இரண்டையும் இணைத்துப் பார்க்காமல் இருந்திருப்பாரா? இலத்தீன் வேதமும் கிரேக்கத்தைப் பின்பற்றியே கல் என்று பெயர்த்ததால், மேற்குச் சபைகளின் வேதசாட்சிகள் வழிபாட்டில் அந்த வசனம் பாடப்பட்டு வந்திருக்கிறது.

ஓவியர்கள் இதை நன்கு பிடித்துக்கொண்டார்கள். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் கார்லோ கிரிவெல்லி 1476இல் தீட்டிய பீட ஓவியத் தொகுதி ஒன்று உள்ளது. அதில் ஸ்தேவான் இளம் திருத்தொண்டராக, அதற்குரிய உடையில், புத்தகமும் குருத்தோலையும் ஏந்தி அமைதியாக நிற்கிறார். தலைமீதும் இரு தோள்கள்மீதும் கற்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. எறியப்பட்ட வேகமோ பதற்றமோ அவற்றில் இல்லை. வைத்தது போல இருக்கின்றன. முதல் முறை படத்தில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. பெயரின் பொருள் தெரிந்த பிறகு பார்த்தால், தலைமேல் இருக்கும் கல் வேறாகத் தெரிகிறது.

வெளிப்படுத்தல் நூலிலும் ஓர் இடம் கவனிக்கத்தக்கது. இருபத்துநான்கு மூப்பர்கள் தங்கள் பொற்கிரீடங்களைச் சிங்காசனத்தின் முன் கழற்றி வைக்கிறார்கள், அவை ஸ்டெஃபனோஸ். வலுசர்ப்பத்தின் ஏழு தலைகளில் இருப்பவை டியதேமா. பெற்றதைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் தலையில் ஒன்று, அதிகாரத்தைப் பிடித்து வைத்திருப்பதன் தலையில் மற்றொன்று. அதே நூல் பத்தொன்பதாம் அதிகாரத்தில் கிறிஸ்துவின் தலையிலும் பல டியதேமாக்களை வைக்கிறது என்பதால், இதை வைத்தும் விதி எழுதிவிட முடியாது.

பெரம்பூர் வாசகி

மூவருக்கும் என் நன்றி. ஐயா எழுதிய பூமுடிப்பு விளக்கத்தை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன், மிகவும் மகிழ்ந்தார். அந்தப் பக்கம் சமாதானம் ஆகிவிட்டது போலத்தான்.

அம்மாவின் மனம் மட்டும் இன்னும் இளகவில்லை. பெயரின் பொருள் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறார். நாள்தான் அவரை உறுத்துகிறது. ஒவ்வோர் ஆண்டும் அன்று காலையில் எங்கள் ஊரார் கடலில் பாலும் பூவும் விடும்போது, இந்த வீட்டில் மட்டும் கேக் வெட்டுவதா என்று கேட்கிறார். இதற்கு என்ன சொல்வது? அத்துடன், ஆங்கிலத்தில் எழுதும்போது பி எச் போடுவதா வி போடுவதா, பெண் குழந்தை பிறந்தால் இதே பெயரின் பெண்பால் உண்டா (நாத்தனாரும் மாதமாக இருக்கிறார்) என்பதையும் சொல்லுங்கள்.

மறைக்கல்வி ஆசிரியர், சாந்தோம்

சகோதரி, உங்கள் அம்மாவின் கலக்கத்தை விவாதத்தால் தீர்க்க முயல வேண்டாம். அன்று கடற்கரையில் பூ விடுவதும் வீட்டில் குழந்தையின் பிறந்தநாளை நினைப்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. காலையில் ஊராரோடு கடற்கரைக்குப் போய், பிறகு கோவிலில் திருப்பலி ஒப்புக்கொடுத்து, கேக்கை மாலைக்கோ மறுநாளைக்கோ வைத்துக்கொள்ளலாம். கிரேக்க மரபைச் சேர்ந்த கீழைச் சபைகள் பல ஸ்தேவான் திருநாளை டிசம்பர் 27 அன்றுதான் கொண்டாடுகின்றன என்பதால், மறுநாள் கொண்டாடினாலும் அவர் திருநாளில்தான் கொண்டாடுகிறீர்கள்.

நாளைப் பற்றித் திருச்சபையின் பார்வையையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். வேதசாட்சிகள் இறந்த நாளைப் பழைய திருச்சபை அவர்களுடைய பிறந்தநாள் என்றே அழைத்தது. விண்ணகத்தில் பிறந்த நாள் என்பது கருத்து. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாளே ஸ்தேவானை நிறுத்தியதிலும் அந்த எண்ணம் தொனிக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க ஆயர் ஃபுல்கென்சியுஸ் ஆற்றிய மறையுரை ஒன்று, நேற்று நம் அரசரின் பிறப்பைக் கொண்டாடினோம், இன்று அவருடைய வீரரின் வெற்றியைக் கொண்டாடுகிறோம் என்ற கருத்தோடு தொடங்குகிறது. ஸ்தேவானின் படைக்கலம் அன்பு என்றும், அதைக் கொண்டே அவர் எங்கும் வென்றார் என்றும் அது தொடர்கிறது. தம்மைக் கொல்கிறவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்த வேண்டாம் என்று மண்டியிட்டு மன்றாடியவர் அவர். பெயரில் உள்ள வெற்றி எதன்மீது பெற்ற வெற்றி என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பெயரும் உண்டு. ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்கள் தங்கள் மேலாடைகளைச் சவுல் என்ற இளைஞனின் காலடியில் வைத்தார்கள். அவனும் அக்கொலைக்கு உடன்பட்டிருந்தான். அதே சவுல் பவுலாகிப் பல ஆண்டுகள் கழித்துக் கொரிந்தியருக்கு எழுதும்போது, தாம் திருமுழுக்குக் கொடுத்த வெகுசிலரைக் குறிப்பிடுகிறார். அவர்களுள் ஸ்தேவனா என்பவரின் வீட்டாரும் உள்ளனர். ஸ்டெஃபனாஸ் என்ற அந்தப் பெயரும் ஸ்டெஃபனோஸின் வேரில் முளைத்ததுதான். அக்காயா நாட்டில் முதலில் மனந்திரும்பியது அந்தக் குடும்பம் என்றும், இறைமக்களுக்குத் தொண்டு செய்வதில் தங்களை ஈடுபடுத்திக்கொண்டவர்கள் என்றும் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில் பாராட்டுகிறார். அந்தப் பெயரைச் சொல்லி அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றியபோது பவுலின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று விவிலியம் சொல்லவில்லை. ஞானஸ்நானம் நடக்கப் போகிற வீட்டில் இந்தப் பகுதியை (1 கொரிந்தியர் 1:16, 16:15) வாசிக்கலாம் என்பது என் யோசனை.

எழுத்தைப் பற்றி: மூலத்துக்கு நெருக்கமானது பி எச் போட்டு எழுதுவது. ஆங்கிலேயர் அப்படி எழுதிவிட்டும் ஸ்டீவன் என்றே உச்சரிக்கிறார்கள். நம் ஊரில் எழுதியபடி ஸ்டீபன் என்கிறோம். வெளிநாட்டு ஆவணங்களில் இரண்டும் வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளப்படும். ஆகவே ஞானஸ்நானப் பதிவேடு, பிறப்புச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் ஒரே எழுத்தைப் பயன்படுத்துங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துவிடலாம். அதற்குப் பின் தாமதக் கட்டணம் உண்டு. வீட்டில் முடியப்பன், பள்ளியில் ஸ்டீபன் என்று வைத்துக்கொள்வதற்கும் தடையில்லை, நம் முன்னோர் பலர் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

பெண்பாலுக்கு ஸ்டெபனி, ஸ்டெபானியா இரண்டும் உள்ளன. கேரளத்தில் ஆண்களுக்கு எஸ்தப்பான் என்ற வடிவம் வழங்குகிறது. பிரெஞ்சில் எத்தியேன், ஸ்பானியத்தில் எஸ்தேபான், ஹங்கேரியில் இஷ்த்வான். ஹங்கேரியின் முதல் அரசர் வாய்க் என்ற பிறவிப்பெயரை விட்டுத் திருமுழுக்கில் இப்பெயரை ஏற்றவர். ஏறத்தாழ கி.பி. 1000இல் முடிசூடி, 1083இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். அவர் பெயரால் வழங்கும் முடி இன்றும் புடாபெஸ்ட் நாடாளுமன்றக் கட்டடத்தில் காவலோடு வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே மட்டும் மயிலாப்பூர் ஐயாவின் தயக்கத்துக்கு இடமில்லை. அது மெய்யாகவே அரசமுடிதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

ஹங்கேரி அரசரை ஏற்றுக்கொள்கிறேன். கிரேக்கத் திருமணங்களில் மணமக்கள் தலையில் வைக்கும் பூவளையங்களுக்கும் இதே வேரில் பிறந்த ஸ்டெஃபானா என்ற பெயர்தான் என்றும், இரண்டையும் ஒரு நாடாவால் இணைத்திருப்பார்கள் என்றும் படித்திருக்கிறேன். அதைப் பூமுடிப்போடு சேர்த்து உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள், சகோதரி. நாத்தனாருக்குப் பெண் பிறந்தால் வாகை என்ற பெயரையும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டே எழுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத எளிது.